மூளைக்குள் ஒரு கடற்குதிரை

ராஸ் அல் கைமாவில் வெள்ளிக்கிழமை ஊருக்குப் பேசும் நாள். 2006இல் நான் இங்கே வந்தபோது தொலைபேசி அட்டை வாங்கி, அதைச் சுரண்டி, எண்களை அழுத்திப் பேசினோம். பிறகு கைபேசிக்கு மாறினோம். கருவி மாறினாலும் அப்பா கேட்கும் கேள்வி மாறவில்லை: "மக்கா, எப்பம் வருவ?" நான் பதில் சொல்வேன். அவரும் சரி என்பார்.

2014 வாக்கில் அதே கேள்வி ஒரே அழைப்பில் இரண்டு முறை வரத் தொடங்கியது. பிறகு மூன்று முறை. ஒரு நாள் பொறுமை இழந்து, "இப்பதானப்பா சொன்னேன், கேக்கவே மாட்டியளா?" என்று கத்திவிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, அந்த அதட்டலும் நடக்காதது போல, "மக்கா, எப்பம் வருவ?" என்றார்.

நான் இங்குள்ள ஒரு ஸ்கேன் மையத்தில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் தொழில்நுட்பப் பணியாளன். படத்தைப் படித்து அறிக்கை எழுதுவது கதிரியக்க மருத்துவரின் வேலை. ஆனால் மூளையின் குறுக்குவெட்டுப் படங்களை நாள்தோறும் பார்ப்பவன் நான். அப்படிப்பட்டவனுக்கே தன் தகப்பனிடம் நடப்பது என்ன என்று புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. புரிந்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. இதன் நாயகன் மூளையின் ஆழத்தில் இருக்கும் ஓர் உறுப்பு. பெயர் ஹிப்போகாம்பஸ். தமிழில் சொன்னால் கடற்குதிரை.

பெயர் வந்த கதை

இத்தாலியின் பொலோனியா நகரில் உடற்கூறியல் கற்பித்தவர் ஜூலியோ சேசரே அராஞ்சி. மூளையின் உட்புற அறைகளைத் திறந்து பார்த்த அவர், ஓர் அறையின் தரையில் வளைந்து கிடந்த வெண்மையான மேடு ஒன்றைக் கண்டார். 1587இல் வெளிவந்த தம் நூலில் அதைக் கடற்குதிரைக்கு ஒப்பிட்டார். பட்டுப்புழு என்றும் சொல்லலாமோ என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. நல்லவேளை, கடற்குதிரையே நிலைத்தது.

பின்னால் வந்த பிரெஞ்சு உடற்கூற்றாளர்கள் அதே மேட்டில் ஆட்டுக்கடாவின் கொம்பைக் கண்டார்கள். எகிப்தியரின் கடவுளான அம்மோனுக்குக் கடாக்கொம்பு உண்டு. ஆகவே அம்மோனின் கொம்பு என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. லத்தீனில் அது கோர்னு அம்மோனிஸ். அதன் முதலெழுத்துகள்தாம் சி.ஏ.1, சி.ஏ.2, சி.ஏ.3 என்று இன்றைய பாடநூல்களில் காணப்படும் பகுதிப் பெயர்கள். இந்தப் பிரிவினையை 1934இல் செய்தவர் ஸ்பானிய அறிஞர் ரஃபாயேல் லொரெந்தே தெ நோ. நரம்பணுக்களை வரைந்து காட்டிய பெருமேதை கஹாலின் மாணவர் அவர்.

பெயர் பொருத்தமானதுதானா என்ற ஐயம் இருந்தால், ஹங்கேரிய அறிஞர் லாஸ்லோ செரெஸ் 1980இல் செய்து காட்டியதைப் பார்க்கலாம். மனித மூளையிலிருந்து இந்த உறுப்பை அதன் நரம்பிழைத் தொடர்ச்சியோடு முழுதாகப் பிரித்தெடுத்து, ஒரு கடற்குதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். தலை, வளைந்த உடல், சுருண்ட வால் என எல்லாம் பொருந்தின. மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கத்து வாசகர்களுக்குக் கடற்குதிரையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வலையில் மாட்டி வரும் விரல்நீள உயிர் அது. 2001 முதல் இந்தியாவில் அதைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

இருப்பிடமும் வடிவமும்

காதுக்குச் சற்று மேலே, நெற்றிப்பொட்டை ஒட்டி விரலை வையுங்கள். அந்த எலும்புக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியை டெம்பரல் மடல் என்பார்கள். அதன் வெளிப்பரப்பிலிருந்து உள்ளே, மூளையின் நடுக்கோட்டை நோக்கிப் போனால், மடலின் உள் விளிம்பு சுருண்டு மடிந்திருப்பதைக் காணலாம். பாயின் ஓரத்தை உள்பக்கமாகச் சுருட்டிவிட்டாற்போல. அந்தச் சுருள்தான் ஹிப்போகாம்பஸ். இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் நான்கைந்து சென்டிமீட்டர் நீளம். கன அளவு சுமார் மூன்று கன சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு சுண்டுவிரல் என்று நினைத்துக்கொள்ளலாம்.

அதற்கு மேலே மூளைநீர் நிறைந்த ஒரு குறுகிய அறை இருக்கிறது. பக்க அறையின் கீழ்க்கொம்பு என்று அதற்குப் பெயர். ஹிப்போகாம்பஸ் அந்த அறையின் தரை. முன்புறம் தலைப்பகுதி விரல்களை மடக்கிய பாதம் போலப் புடைத்திருக்கும். அதற்கு மேலேயும் முன்னேயும் இருப்பது அமிக்டலா. வாதுமைக் கொட்டை வடிவில் அமைந்தது, அச்சத்தோடு தொடர்புடையது. பின்புறம் ஹிப்போகாம்பஸின் உடல் மெலிந்து வாலாகி மேல்நோக்கி வளையும்.

எங்கள் படங்களில் இதைச் சரியாகக் காட்ட ஒரு முறை உண்டு. நோயாளியின் தலையை முன்பின்னாக வெட்டிய தோற்றத்தில் முதலில் பார்த்து, ஹிப்போகாம்பஸின் நீளவாட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுகொள்வோம். பிறகு அதற்குச் செங்குத்தாக வெட்டுகளை அமைப்போம். உருளைக்கட்டையை நேர்குறுக்காக வெட்டினால்தான் வட்டம் கிடைக்கும், சாய்த்து வெட்டினால் அளவு தவறும் என்பது போலத்தான் இதுவும். சரியாக அமைந்த படத்தில் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் இரண்டு சிறு சுருள்கள் தெரியும். அவற்றின் மேல் கறுப்புக் கீற்றாக மூளைநீர். அந்தக் கறுப்பு எவ்வளவு அகலம் என்பதுதான் பின்னால் முக்கியமாகப் போகிறது.

உள்ளே ஓடும் பாதை

மூளையின் மேற்பரப்பான பெருமூளைப் புறணி பெரும்பாலும் ஆறு அடுக்குகளால் ஆனது. ஹிப்போகாம்பஸில் மூன்றே அடுக்குகள். பரிணாமத்தில் இது பழைய கட்டடம். ஊர்வன, பறவைகள் ஆகியவற்றின் மூளையிலும் இதற்கு ஒப்பான பகுதி உண்டு.

குறுக்காக வெட்டிப் பார்த்தால், ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளைவுகள் தெரியும். ஒன்று பல்வரிசை போலத் தோன்றும் டென்டேட் மேடு. மற்றது அம்மோனின் கொம்பு. இவற்றுக்கு வாசலாக அமைந்திருப்பது என்டோரைனல் புறணி என்ற அண்டைப் பகுதி. கண்டது, கேட்டது, முகர்ந்தது, தொட்டது ஆகிய செய்திகள் புறணியின் பல பகுதிகளிலிருந்தும் வந்து இந்த வாசலில் கூடுகின்றன.

வாசலிலிருந்து செய்தி முதலில் டென்டேட் மேட்டுக்குப் போகிறது. அங்கிருந்து பாசி இழைகள் எனப்படும் நரம்பிழைகள் வழியே சி.ஏ.3 பகுதிக்கு. அங்கிருந்து ஷாஃபர் கிளைகள் வழியே சி.ஏ.1 பகுதிக்கு. பிறகு சுபிகுலம் என்ற பகுதி வழியாக மறுபடியும் வாசலுக்கே திரும்பி, புறணிக்குச் செல்கிறது. மூன்று சந்திப்புகளைக் கடப்பதால் இதை முச்சந்திப்புச் சுற்று எனலாம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு வேலை இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒன்றுபோல் தோன்றும் இரண்டு அனுபவங்களை டென்டேட் மேடு பிரித்து வைக்கிறது. சி.ஏ.3 அணுக்கள் ஒன்றோடொன்று அடர்த்தியாகப் பிணைந்தவை. அதனால் ஒரு துணுக்கைக் கொடுத்தாலும் முழு நினைவை எழுப்ப அவற்றால் முடிகிறது. மீன் குழம்பின் வாசனை ஒன்று போதும், ஊர்ச் சமையலறை முழுவதும் கண்முன் வந்துவிடுகிறதல்லவா, அது.

இன்னொரு வெளிவழியும் உண்டு. ஹிப்போகாம்பஸின் இழைகள் திரண்டு ஃபார்னிக்ஸ் என்ற வளைவாகி, மூளையின் நடுவே வில்போல் மேலேறி முன்சென்று கீழிறங்கி, மாமிலரி உருண்டைகளை அடைகின்றன. அங்கிருந்து தலாமஸ், சிங்குலேட் மடிப்பு வழியாகத் திரும்பிவரும் இந்தச் சுற்றை 1937இல் விவரித்தவர் ஜேம்ஸ் பேப்பஸ். அவர் அதை உணர்ச்சியின் சுற்று என்று நினைத்தார். இன்று அது நினைவின் சுற்றாகவே அதிகம் பேசப்படுகிறது.

அணுக்களுக்கிடையே நினைவு எப்படிப் பதிகிறது? 1973இல் டிம் பிளிஸ், டெரியே லோமோ இருவரும் முயலின் ஹிப்போகாம்பஸில் ஒரு பாதையை விரைந்த மின்துடிப்புகளால் தூண்டியதும், அந்தச் சந்திப்பு மணிக்கணக்கில் வலுப்பெற்றிருந்ததைக் கண்டு வெளியிட்டார்கள். ஒற்றையடிப் பாதை நடக்க நடக்கத் தடமாவது போன்றது இது. கற்றல் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான பௌதிகத் தடயங்களில் ஒன்று.

எச்.எம்.

இந்த உறுப்பு எதற்கு என்று உலகுக்குத் தெரிவித்தவர் ஒரு நோயாளி. மருத்துவ நூல்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் எச்.எம். என்ற இரண்டெழுத்தாகவே வாழ்ந்தார். 2008இல் அவர் இறந்த பிறகுதான் ஹென்றி மொலைசன் என்ற பெயர் வெளியானது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த அவருக்குத் தீராத வலிப்பு நோய். 1953இல், அவருடைய 27ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் இரு பக்க டெம்பரல் மடல்களின் உட்பகுதியையும் அகற்றினார். ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் அதோடு போயிற்று. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிய நினைவு எதுவும் அவரிடம் தங்கவில்லை. சற்றுமுன் பேசியவர் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பினால் புதிய மனிதர்.

கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்து வந்து அவரை ஆண்டுக்கணக்கில் சோதித்தவர் பிரெண்டா மில்னர். ஸ்கோவிலும் மில்னரும் சேர்ந்து எழுதிய 1957ஆம் ஆண்டுக் கட்டுரை நரம்பியலின் செவ்வியல் ஆவணம். எச்.எம்.மின் அறிவுக்கூர்மை குறையவில்லை. பேச்சு கெடவில்லை. சிறுவயது நினைவுகள் இருந்தன. ஒரு தொலைபேசி எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் வரை மனத்தில் வைத்திருக்க முடிந்தது. கவனம் சிதறியதும் அது மறைந்தது.

மில்னர் கண்ட இன்னொன்றுதான் என்னை அதிகம் பாதித்தது. கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் விளிம்பைப் பென்சிலால் வரையச் சொன்னார். யாருக்கும் முதலில் கை தடுமாறும். எச்.எம். நாளுக்கு நாள் தேறினார். மூன்றாம் நாள் கை சரளமாக ஓடியது. ஆனால் அந்தப் பயிற்சியை இதற்குமுன் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. நினைவு ஒன்றல்ல, பல என்பதை இது காட்டியது. நிகழ்ச்சிகளை நினைவில் ஏற்றுவது ஹிப்போகாம்பஸ். கைத்திறனைப் பழகுவது அடித்தள நரம்புத்திரள், சிறுமூளை போன்ற வேறு பகுதிகள்.

2009இல் சான் டியேகோவில் அவருடைய மூளையை 2401 மெல்லிய சீவல்களாக வெட்டிப் படமாக்கினார்கள். ஹிப்போகாம்பஸின் பின்பகுதி நினைத்ததைவிடக் கூடுதலாக மிஞ்சியிருந்தது அதில் தெரிந்தது. ஆனால் அதன் வாசலான என்டோரைனல் புறணி பெரும்பாலும் இல்லை. வாசல் இல்லாத வீடாக அது இருந்திருக்கிறது.

ஜுல்ஃபாரின் மாலுமியும் எலியும்

ராஸ் அல் கைமாவின் பழைய துறைமுக நகரம் ஜுல்ஃபார். இன்றைய நகரத்துக்குச் சற்று வடக்கே மண்ணுக்குள் கிடக்கிறது. முத்து வணிகத்துக்குப் பேர்போன அந்த ஊரில் 15ஆம் நூற்றாண்டில் பிறந்தவர் அஹ்மத் இப்னு மாஜித். தகப்பனும் பாட்டனும் கடலோடிகள். 1490 வாக்கில் அவர் எழுதிய கடலோடிக் கையேடு, விண்மீன்களின் உயரம், பருவக்காற்று, கரை அடையாளங்கள், இந்தியக் கரை, இலங்கை எனப் பலவற்றை விரித்துச் சொல்கிறது. கடல்வழிகளைச் செய்யுளாகவும் இயற்றினார். பாட்டாக இருந்தால் மனத்தில் நிற்கும். வாஸ்கோ ட காமாவுக்கு 1498இல் வழிகாட்டியவர் இவரே என்ற கதையை இன்றைய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. நம் மாலுமி என்ற சொல்லே, வழிகாட்டியைக் குறிக்கும் அரபிச் சொல்லான முஅல்லிம் என்பதன் திரிபு என்பார்கள்.

கடலில் தெருப்பலகை கிடையாது. கன்னியாகுமரிக் கரையில் கட்டுமரம் செலுத்திய என் அப்பாவிடமும் வரைபடம் இருந்ததில்லை. கோயில் கோபுரத்தைப் பின்னாலுள்ள மலைமுகட்டோடு ஒரு கோட்டில் நிறுத்துவார். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்களை ஒரு கோட்டில் நிறுத்துவார். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் கடலடியில் பார் இருக்கும். அங்கே தூண்டில் போடுவார். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றின் பெயர் சொல்லித் திசை காட்டுவார்.

இத்தகைய வரைபடம் மூளையில் எங்கே இருக்கிறது? 1971இல் லண்டனில் ஜான் ஓ'கீஃப் தம் சக ஆய்வாளரோடு எலியின் ஹிப்போகாம்பஸில் நுண்மின்முனையைச் செருகி, அதை நடமாடவிட்டுக் கவனித்தார். ஒரு குறிப்பிட்ட அணு, எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போகும்போது மட்டும் துடித்தது. வேறோர் அணுவுக்கு வேறோர் இடம். இவற்றை இட அணுக்கள் என்றார்கள். 2005இல் நார்வேயின் ட்ரொன்ஹெய்ம் நகரில் மை-பிரிட் மோஸர், எட்வர்ட் மோஸர் இருவரின் குழு, வாசல் பகுதியான என்டோரைனல் புறணியில் இன்னொரு வகை அணுக்களைக் கண்டது. அவை ஒரே இடத்துக்கல்ல, தரை முழுவதும் சீரான அறுகோண வடிவில் பரவிய பல புள்ளிகளுக்குத் துடித்தன. வரைபடத்தாளில் உள்ள கட்டங்களைப் போல. மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதரில் இதைப் பார்த்தவர் எலனோர் மக்வயர். 2025இல் காலமானார். லண்டன் டாக்ஸி ஓட்டுநர் உரிமம் பெற வேண்டுமானால் நகர மையத்தைச் சுற்றியுள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸில் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்ததை 2000இல் அவர் குழு வெளியிட்டது. பிறவியிலேயே பெரிதோ என்ற கேள்விக்கு 2011இல் விடை வந்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துப் பார்த்ததில், தேர்ச்சி பெற்றவர்களுக்கு அந்தப் பகுதி வளர்ந்திருந்தது.

நான் வந்த புதிதில் இங்கே தெருப்பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. ரவுண்டானா, மசூதி, பெட்ரோல் பங்க் ஆகியவற்றைச் சொல்லியே வழி கேட்போம். பட்டாணிய டாக்ஸி ஓட்டுநர்கள் அரைகுறைச் சொல்லிலேயே வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். அவர்கள் தலையை யாரும் படம் எடுத்து அளந்ததில்லை. அளந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வேன்.

நோய் நுழையும் வாசல்

வலிமையான உறுப்புகள் சில இடங்களில் மிக மென்மையாக இருப்பது இயற்கையின் வழக்கம். சி.ஏ.1 அணுக்கள் பிராணவாயுக் குறைவைத் தாங்குவதில்லை. இதயம் சில நிமிடம் நின்று மீண்டவர்களில் முதலில் அடிபடும் இடங்களில் இதுவும் ஒன்று.

அல்சைமர் நோய் வேறு வழியில் நுழைகிறது. ஜெர்மனியின் ஹைகோ பிராக், ஏவா பிராக் தம்பதியர் 1991இல் இறந்தவர்களின் மூளைகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, டவ் என்ற புரதம் முறுக்கிக்கொண்டு சிக்கலாகும் மாற்றம், புறணியில் முதலில் என்டோரைனல் பகுதியை ஒட்டித் தொடங்கி, ஹிப்போகாம்பஸுக்குப் பரவி, கடைசியில்தான் மற்றப் புறணியை அடைகிறது என்று கண்டார்கள். ஆகவே அந்த நோயில் முதலில் தடுமாறுவது புதிய நினைவும் வழியறிவும். பழைய நினைவுகள் வெகுகாலம் நிற்கின்றன. பழையவை புறணியில் பரவிப் பதிந்துவிட்டதால் அப்படி என்பது ஒரு விளக்கம். உயிர்ப்பான பழைய காட்சிக்கும் ஹிப்போகாம்பஸ் வேண்டும் என்று மறுப்போரும் இருக்கிறார்கள்.

படத்தில் இது தெரியும். 1992இல் பிலிப் ஷெல்டன்ஸ் வகுத்த அளவுகோலில் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். சாம்பல் சுருள் மெலிய மெலிய, அதைச் சுற்றிய கறுப்பு அகலும், மதிப்பெண் ஏறும். முதுமையில் எல்லாருக்குமே ஹிப்போகாம்பஸ் ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காடு அளவில் சுருங்குவதுண்டு. அல்சைமர் நோயில் அது நான்கைந்து விழுக்காடு.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கும் நம்மில் பலருடைய பெற்றோர் அந்தக் கணக்கில் இருப்பார்கள்.

பெங்களூரும் சென்னையும்

இந்த உறுப்பை ஆராய்வதில் நம் பக்கத்துப் பங்கும் உண்டு. பெங்களூரில் சுமந்த்ரா சட்டர்ஜியின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். எலிகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் பத்து நாள் அசைய முடியாமல் வைத்தார்கள். சி.ஏ.3 அணுக்களின் கிளைகள் சுருங்கின. அதே எலிகளின் அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. நீடித்த மன அழுத்தம் நினைவின் மரத்தை வெட்டி, அச்சத்தின் மரத்துக்கு உரமிடுகிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாதுதான். ஆனாலும் இங்குள்ள தொழிலாளர் அறைகளில், கடனை எண்ணியபடி தூக்கமின்றிக் கிடப்பவர்களைப் பார்க்கும்போது அந்த எலிகள் ஞாபகத்துக்கு வருகின்றன.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் தொடங்கப்பட்டது. 2024இல் அது தரணி என்ற பெயரில் மனிதக் கருவின் மூளை வரைபடத்தை வெளியிட்டது. 14ஆம் வாரம் முதல் 24ஆம் வாரம் வரையிலான ஐந்து மூளைகள். 5132 சீவல்கள். ஒவ்வொரு அணுவும் தெரியும் நுட்பம். உலகில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஜுல்ஃபாரில் ஒருவர் கடலை எழுதி வைத்தார். சென்னையில் சிலர் மூளையை எழுதி வைக்கிறார்கள்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்கள் பங்கேற்றனர். ஓராண்டு விரைநடை பழகிய குழுவினரின் ஹிப்போகாம்பஸ் முன்பகுதி சுமார் இரண்டு விழுக்காடு வளர்ந்தது. வெறும் நீட்டிப் பயிற்சி செய்தவர்களுக்குச் சுருங்கியது. நோயைக் குணப்படுத்தும் மருந்தல்ல நடை. ஆனால் செலவில்லாதது.

அப்பாவின் கைகள்

2016இல் விடுப்பில் ஊருக்குப் போனேன். அதற்கு முந்தைய வாரம் அப்பா கோயிலுக்குப் போய்த் திரும்ப வழி தெரியாமல் பக்கத்து ஊர்க் கடற்கரையில் உட்கார்ந்திருந்தார் என்று தங்கச்சி சொன்னாள். நடுக்கடலில் பாரைத் தவறவிடாதவர், முந்நூறு அடி தெருவில் தொலைந்துபோனார். நாகர்கோவிலில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். குறுந்தகட்டை மடிக்கணினியில் போட்டேன். அறிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இருபக்கமும் சுருள்கள் மெலிந்து, கறுப்பு அகன்று கிடந்தது.

"இப்பதானப்பா சொன்னேன்" என்று நான் கத்தியது அப்போதுதான் உறைத்தது. நான் சொன்ன பதிலை அவர் மறக்கவில்லை. மறப்பதற்கு முதலில் அது பதிந்திருக்க வேண்டும். பதியவே இல்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது முதல் முறைதான். நான்தான் அதை மூன்றாம் முறை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை திண்ணையில் கிழிந்த வலைத்துண்டு ஒன்றை அவர் மடியில் வைத்தேன். ஊசியை எடுத்தார். கண்ணி கண்ணியாக, பழைய வேகத்தில், முடிச்சுப் போட்டார். என்னிடம் பேசியபடியே கை ஓடியது. என் பெயரைத் தம்பியின் பெயரோடு மாற்றிச் சொன்னார். முடிச்சு ஒன்றும் தவறவில்லை. மில்னரின் நட்சத்திரத்தை நான் அங்கே கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான் திருத்துவதை நிறுத்தினேன். எத்தனை முறை கேட்டாலும் முதல் முறை போலவே, "கிறிஸ்மசுக்கு வாறேன்பா" என்றேன். ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக மகிழ்ந்தார். அவருக்கு மறந்தது என் பதில்தான், மகிழ்ச்சி சற்று நேரம் குரலில் தங்கியிருந்தது. நிகழ்ச்சி மறந்த பிறகும் அது எழுப்பிய உணர்ச்சி தங்கும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அதட்டலுக்கும் அது பொருந்தும். அவர் மறந்திருந்தாலும் அந்த வருத்தம் அவரிடம் எவ்வளவு நேரம் இருந்ததோ, எனக்குத் தெரியாது.

2019இல் அப்பா காலமானார். வாசகர்களில் யாருக்காவது ஊரிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருமானால், முதலில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களும் இதே அடையாளத்தோடு வருவதுண்டு. அல்சைமர் என்றே உறுதியானாலும், கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். முதல் முறை சொல்வது போலச் சொல்லுங்கள். கேட்பவருக்கு அது முதல் முறைதான்.